வேலி தாண்டிய செடிகள் – 9: சாயப் பூச்சி தின்ற காடு

போன வாரம், ஜமைக்காவிலிருந்து விதையாக வந்த சீமைக்கருவேலத்தை 1877இல் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் ஊன்றியதோடு விட்டிருந்தேன். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடித்துக்கொள்ளவும். 'இதைத் தின்று தீர்க்க ஒரு பூச்சிகூடவா கிடையாது?' என்ற கேள்விக்கு இந்த வாரம் பதில் என்றும் சொல்லியிருந்தேன். பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். பூச்சியை ஏவிக் களையை ஒழிக்கும் வேலை உலகத்தில் முதலில் எங்கே நடந்தது என்று தேடப்போக, அது நம்மூர்ச் சப்பாத்திக்கள்ளியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. நகர முடியவில்லை.

சப்பாத்திக்கள்ளி இந்த மண்ணின் செடியல்ல. அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. வேலிக்கென்று வைத்தார்கள். ஒரு மடல் ஒடிந்து விழுந்தால் போதும், கிடந்த இடத்தில் வேர்விடும். பழத்தைக் காக்கை தின்று விதையை ஊர் ஊராகக் கொண்டுபோகும். கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பழம் தெரியும்: பாறையில் உருட்டித் தேய்த்துச் சுணையை உதிர்த்து, பிளந்து, உள்ளே இருக்கும் முள்ளைப் பதமாக எடுத்துப்போட்டுவிட்டுத் தின்றால் நாக்கும் பல்லும் சிவந்துபோகும். இப்போது யூடியூபில் அதையே ரத்தம் ஊறும் என்று சொல்லிச் சாறாக விற்கிறார்கள். நான் சொல்ல வந்தது அந்தச் சிவப்பை அல்ல. கள்ளி மடலில் சில சமயம் பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? ஒரு திட்டை விரலால் நசுக்கிப் பாருங்கள். ரத்தம் மாதிரி கசியும்.

பஞ்சுக்குள் ஒளிந்திருப்பது பெண் பூச்சி. அதற்கு இறக்கை கிடையாது. ஒரு முறை மடலில் வாயைக் குத்தி உட்கார்ந்தால் ஆயுசுக்கும் அங்கேதான். குஞ்சாக இருக்கும்போது மட்டும் ஊர்ந்து திரியும், காற்றடித்தால் அடுத்த கள்ளிக்குப் போய்விழும். ஆணுக்கு இறக்கை உண்டு, வாய் இல்லை. சில நாளில் கதை முடிந்தது. எறும்பு போன்ற எதிரிகளை விரட்டத்தான் பெண்ணின் உடம்பில் அந்தச் சிவப்பு. மனிதன் அதைக் காயவைத்துச் சாயமாக்கினான். ஒரு பவுண்டு சாயச்சரக்குக்கு சுமார் 70,000 பூச்சிகள். கொச்சினீல் என்ற பெயரில் மெக்சிகோவிலிருந்து ஏற்றுமதி செய்து, ரகசியத்தைப் பொத்திப் பொத்தி வைத்துப் பணம் பார்த்தது ஸ்பெயின். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் கோட்டுக்கு இந்தச் சிவப்புதான். சிப்பாய்க்கு மலிவான வேர்ச்சாயம் போதும் என்று விட்டுவிட்டார்கள். சிவப்பிலும் மேல் கீழ்!

ஸ்பெயினுக்குக் காசைக் கொட்டிக்கொடுக்கக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மனசில்லை. சென்னையில் கம்பெனி மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், 1786இல் இங்கே புல்லில் ஒரு பூச்சியைக் கண்டுபிடித்துவிட்டு, இதுதான் கொச்சினீல் என்று லண்டனிலிருந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதமாக எழுதித் தள்ளினார். அது இல்லை. ஆனாலும் மனுஷர் விடவில்லை. சைதாப்பேட்டையில் கள்ளிக்கென்றே ஒரு தோட்டம் போட்டு, வெளிநாட்டுக் கள்ளியெல்லாம் தருவித்து வளர்த்தார். இலை போட்டாயிற்று, சோறுதான் வரவில்லை.

1795இல் நீல்சன் என்ற கப்பல் கேப்டன், பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவிலிருந்து பூச்சி ஒட்டிய கள்ளிகளைக் கல்கத்தாவில் கொண்டுவந்து இறக்கினார். பயணத்தில் செத்தது போக மிச்சமிருந்தது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் ஏற்கெனவே அங்கே வேலியாக நின்ற ஒரு வகைக் கள்ளியைப் பிடித்துக்கொண்டு பல்கிவிட்டது. சாயமோ மட்டம். வந்திருந்தது மெக்சிகோவின் வளர்ப்புப் பூச்சியல்ல, அதன் தென்னமெரிக்கக் காட்டு உறவு. ஆள் மாறிவிட்டது. ஆனால் அது நுழைந்த பக்கமெல்லாம் கள்ளி வேலி வாடிச் சரிந்தது. சாயத்துக்கு ஆகாத பூச்சி கள்ளியைக் கொல்ல ஆகும் என்று யாருக்கோ பொறிதட்ட, 1836 வாக்கில் அதைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து வேண்டுமென்றே விட்டார்கள். 1860களில் இங்கிருந்து இலங்கைக்கும் போயிற்று. களையைக் கொல்லப் பூச்சியை ஏவும் துறைக்கு இதுதான் முதல் அத்தியாயம். ஆஸ்திரேலியாக்காரர்கள் 1926இல் ஓர் அந்துப்பூச்சியை விட்டுக் கள்ளிக்காட்டை அழித்துவிட்டு, பூனார்கா என்ற ஊரில் அந்தப் பூச்சியின் பெயரில் மண்டபமே கட்டிவைத்திருக்கிறார்கள். நாம் ஒரு கல்கூட நடவில்லை. (அதே அந்துப்பூச்சி 1989இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தலைகாட்டி, கள்ளியின் சொந்த மண்ணிலேயே கள்ளியைக் கடிக்க ஆரம்பித்தது தனிக் கதை. மண்டபத்தில் அதை எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.)

என்னை இந்த வாரம் தூங்கவிடாமல் செய்தது இதற்கடுத்த பகுதி. பிரேசில் பூச்சி ஒரு வகைக் கள்ளியை மட்டும்தான் தொட்டது. பக்கத்திலேயே நின்ற, மஞ்சள் பூப் பூக்கும் இன்னொரு வகையை, அதாவது இன்று நாம் சப்பாத்திக்கள்ளி என்று சொல்வதை, மோந்துகூடப் பார்க்கவில்லை. காலியான இடத்தையும் சேர்த்து அது வளைத்துக்கொண்டது. இப்படியே கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷம். பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து 1924இல் இலங்கைக்கும், அங்கிருந்து 1926இல் தமிழகத்துக்கும் இன்னொரு பூச்சி வந்தது. அதே பஞ்சு, அதே சிவப்பு. வெறும் கண்ணுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கள்ளிக்குத் தெரிந்தது. சில வருஷத்தில் ஏக்கர் ஏக்கராக நின்ற கள்ளிக்காடு மட்கி, உழவுக்கு நிலம் திரும்பியது. பூச்சிகளின் இந்த நாக்குச் சுத்தத்தை நம்பித்தான் மொத்தத் துறையும் நிற்கிறது. எதைக் கொடுத்தாலும் தின்னும் பூச்சியை எந்த விஞ்ஞானியும் நம்பி வெளியே விட மாட்டார்.

சரி, சீமைக்கருவேலம். தென்னாப்பிரிக்காவில் 1987இல் வண்டு விட்டார்கள். அங்கே விவசாயிகளுக்கு நிழலும் வேண்டும், ஆடுமாட்டுக்கு நெற்றும் வேண்டும். அதனால் மரத்தைத் தொடாமல் விதையை மட்டும் தின்னும் வண்டாகத் தேடி எடுத்தார்கள். வண்டு வந்து சேருவதற்குள் ஆடும் மாடும் நெற்றைத் தின்று விதையைச் சாணத்தோடு அடுத்த ஊருக்கு அனுப்பிவிடுகின்றன. ஆஸ்திரேலியாவில் இலையைச் சுருட்டித் தின்னும் ஒரு சின்ன அந்துப்பூச்சி ஓரளவு வேலை செய்கிறது. மரம் சாவதில்லை, வளர்த்தி குறைகிறது. அதையே இங்கே கொண்டுவரலாமே என்றால், விருத்தாசலம் கோயிலுக்குப் போனவர்களுக்கு அங்கே தலவிருட்சம் எது என்று தெரிந்திருக்கும். வன்னி. சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம் அது. வரும் பூச்சி வன்னியைத் தின்னாது என்று கூண்டுக்குள் வைத்துச் சோதித்து நிரூபிக்காமல் ஒன்றையும் வெளியே விட முடியாது.

அதற்கும் முன்னால் ஒரு தகராறு இருக்கிறது. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் பல குடும்பத்தில் அடுப்பு எரிகிறது. கள்ளியை யாரும் தனக்கு வேண்டும் என்று கேட்டு வரவில்லை. இதைக் கேட்டு வருவார்கள். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்த மரத்தை அகற்றச் சொல்லி உத்தரவு போட, ஊர் ஊராக ஜேசிபி இறங்கிய கதையையும் மூட்டக்காரர்கள் கணக்கையும் அடுத்த வாரம் எழுதுகிறேன்.