ரிஸ்க்: ஒரே ஒலியில் இரண்டு சொற்கள்

எங்கட பேச்சில் 'ரிஸ்க்' என்ற சொல் இரண்டு இருக்கிறது. "அவருக்கு அல்லாஹ் நல்ல ரிஸ்க்கக் குடுத்திரிக்கான்" என்போம். அதே வாயால், "அந்த யாவாரத்தில ரிஸ்க் கூட, கைய வைக்காத" என்றும் சொல்வோம். முதலாவது அறபு, இரண்டாவது ஆங்கிலம். முன்னது கிடைப்பதைச் சொல்கிறது, பின்னது இழக்கக்கூடியதைச் சொல்கிறது. பின்னதை வங்கிகளும் பாடநூல்களும் 'இடர்நேர்வு' என எழுதுகின்றன. ஆனால் அச்சொல்லைக் கடைத்தெருவில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்த ஒலி ஒற்றுமை தற்செயலானதா? இல்லை என்று வாதிடும் ஆய்வாளர்கள் உள்ளனர்.

அறபுச் சொல்லிலிருந்து தொடங்குவோம். ரிஸ்க்கின் மூலம் பழைய பாரசீகத்தின் பஹ்லவி மொழியில் உள்ள 'ரோஸீக்' என்பது மொழியியலாளர்கள் பரவலாக ஏற்கும் கருத்து. 'ரோஸ்' என்றால் நாள். 'ரோஸீக்' என்றால் அன்றாட உணவு. உருதுவில் இன்றும் பிழைப்பை 'ரோஸி' என்கிறார்கள். பஹ்லவியிலிருந்து ஸிரியாக் வழியாக அது அறபுக்கு வந்தது. குர்ஆனில் பயின்றுவரும் பிறமொழி மூலச் சொற்களை இமாம் ஸுயூத்தி தனி நூலாகவே தொகுத்திருக்கிறார். ஆகவே இப்படியொரு விளக்கம் எமது மரபுக்குப் புதிதல்ல.

இஸ்லாமிய ஆட்சியின் ஆரம்ப காலத்தில் இச்சொல்லுக்கு நிர்வாகப் பொருளும் இருந்தது. படைவீரருக்கும் அதிகாரிகளுக்கும் அரசு அளந்து கொடுத்த உணவுப் பங்கும் ரிஸ்க் எனப்பட்டது. எகிப்தில் கிடைத்த 8ஆம் நூற்றாண்டுக் கிரேக்கப் பப்பிரஸ் ஆவணங்களில் அது 'ரூஸிகோன்' என்று எழுதப்பட்டுள்ளது. அதாவது மத்தியதரைக் கடலோரத்தில் வேற்று மொழிக்காரர் வாயில் இச்சொல் மிக முந்தியே புழங்கத் தொடங்கிவிட்டது.

இனி மறுகரை. 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இத்தாலியத் துறைமுகமான ஜெனோவாவின் நொத்தாரிசுமார் எழுதிய கடல் வணிக ஒப்பந்தங்களில் 'ரெஸிகும்' என்ற லத்தீன் சொல் தோன்றுகிறது. ஆங்கில 'ரிஸ்க்' இதன் வழிவந்ததே. பழைய லத்தீன் இலக்கியத்தில் அப்படி ஒரு சொல் இல்லை. அந்த வணிகர்களின் கப்பல்கள் இஸ்கந்தரிய்யாவுக்கும் வட ஆபிரிக்காவின் பிஜாயாவுக்கும் போய்வந்தவை. அவர்கள் அறபு வணிகரோடு கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் சில்வாங் பிரோன் 2004இல் வெளியிட்ட ஆய்வில், இச்சொல்லின் மூலம் அறபு ரிஸ்க் என்ற கருத்தையே ஆதரிக்கிறார்.

எதிர்க்கருத்துகளும் உண்டு. 'வெட்டு' எனப் பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து கப்பலைக் கிழிக்கும் பாறைக்குப் பெயர் வந்தது, அதுவே பிறகு ஆபத்தைக் குறித்தது என்பது ஒன்று. ஸ்பானிய மொழியில் 'ரிஸ்கோ' என்றால் செங்குத்துப் பாறை. வேரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே மூலம் என்பது இன்னொன்று. விவாதம் இன்னும் முடியவில்லை.

மூலம் எதுவாயினும், அந்த ஒப்பந்தங்களில் சொல் வரும் விதத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அது தனியாக வருவதில்லை. 'உமது ரெஸிகும்', 'எனது ரெஸிகும்' என உடையவனோடு சேர்ந்தே வருகிறது. கப்பல் கவிழ்ந்தால், கொள்ளை போனால், நட்டம் யாருடைய கணக்கில் என்பதே அங்கு கேள்வி. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதல்ல. ரிஸ்க்கும் ஒருவருக்கென விழும் பங்குதான். நன்மையாக வந்தாலும் நட்டமாக வந்தாலும் பங்கு பங்கே. இரண்டு சொற்களும் கருத்தில் சந்திக்கும் இடம் இதுதான் என நினைக்கிறேன்.

அறபியில் ஆபத்தை ஏற்பதற்கு நேரான சொல் 'முகாதரா'. அதன் கதை வேறு. ஒரு பொருளைக் கடனுக்குக் கூடின விலைக்கு விற்று, அதே ஆளிடமிருந்து காசுக்குக் குறைத்து வாங்கிக்கொள்ளும் தந்திரத்துக்கு, அதாவது பிக்ஹ் நூல்கள் 'ஈனா' என்பதற்கு, இந்தப் பெயரும் இருந்தது. ஸ்பானிய மொழிக்கு அது 'மொஹாத்ரா' ஆகப் போனது. பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் 1656இல் எழுதிய கடிதமொன்றில் இந்த ஒப்பந்தத்தைக் கேலி செய்தார். பெயரில் ஆபத்து; உள்ளே இருப்பதோ ஆபத்தே இல்லாத வட்டி.

இது பழைய கதை மட்டுமல்ல. "லட்சத்துக்கு மாசம் இவ்வளவு கட்டாயம் வரும், நட்டம் வந்தாலும் ஒங்களுக்கில்ல" என்று சொல்லி எங்கட ஊர்களில் காசு சேர்க்கிறார்கள். அதற்கு 'முழாரபா' என்றும் பெயர் வைக்கிறார்கள். ஆனால் முழாரபாவில் இலாபம் விகிதப்படி பங்கிடப்படும். நிச்சயித்த தொகை கிடையாது. தொழில் செய்பவரின் கவனயீனம் இல்லாதபோது முதலின் நட்டம் முதல் போட்டவருக்கு, உழைப்பின் நட்டம் உழைத்தவருக்கு. இலாபம் வேண்டுமென்றால் பொறுப்பும் வேண்டும் என்பது ஹதீஸிலிருந்தே வரும் விதி. உஸ்மானியரின் 'மஜல்லா' சட்டத்தொகுப்பின் 85ஆம், 87ஆம் பிரிவுகளும் இதையே சொல்கின்றன. நட்டமில்லாத இலாபத்தை நம்பி நகையை விற்றுக் கொடுத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு முதலும் திரும்பவில்லை.

ஆகவே காசு கொடுக்கும் முன், ஜெனோவா நொத்தாரிசு எழுதிவைத்த அந்தக் கேள்வியை நாமும் கேட்க வேண்டும்: "நட்டம் வந்தா அது யாருட கணக்கில?" பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். கடனை எழுதிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் எங்களுடையது. எழுதித் தர மறுப்பவரிடம் எங்கட ரிஸ்க்கை நாம் ஒப்படைக்க வேண்டியதில்லை.