பழைய வேன் எஞ்சினில் எண்ணெய் அழுத்தக் குறைவு

டில்லியை அடுத்த குர்கானில் 1984 முதல் 2019 வரை தயாரிக்கப்பட்ட மாருதி வேன், பிற்காலத்தில் ஆம்னி எனப் பெயர் பெற்றது. பள்ளிக் குழந்தைகளை ஏற்றிச் செல்லப் பெரிதும் பயன்பட்ட இவ்வண்டியின் மூன்று சிலிண்டர் எஞ்சின் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடையது. இதில் எண்ணெய் அழுத்தத்தை அளந்து காட்டும் மானி இல்லை. ஆபத்தை உணர்த்தும் சிவப்பு விளக்கு மட்டுமே உண்டு. ஓட்டத்தின்போது இவ்விளக்கு எரிந்தால் எஞ்சினை உடனே நிறுத்திவிட வேண்டும். எண்ணெய்ப் படலம் அற்றுப்போனால் உலோகத்தோடு உலோகம் உராய்ந்து, சில நிமிஷங்களில் பேரிங்குகள் உருகிவிடக்கூடும்.

பம்பு செய்யும் வேலை எண்ணெயை உந்துவதே. உந்தப்பட்ட எண்ணெய், பேரிங்குகளுக்கும் சுழல் தண்டுக்கும் இடையேயுள்ள மிகக் குறுகிய இடைவெளியில் தடையுறுவதனால் அழுத்தம் தோன்றுகிறது. தோட்டக் குழாயின் வாயை விரலால் பாதி மூடிக் காட்டி மாணவர்க்கு இதனை விளக்கலாம். விரலைத் தளர்த்தினால் அழுத்தம் குறைவது போலவே, பேரிங்குகள் தேய்ந்து இடைவெளி பெருகினாலும் அழுத்தம் குறைகிறது.

எனினும், விளக்கு எரிந்தவுடன் பேரிங்குகளே தேய்ந்தன என்று முடிவுகட்டி எஞ்சினைப் பிரிப்பது வீண் செலவாகும். முதலில் எண்ணெயின் மட்டத்தைப் பார்க்க வேண்டும். மட்டம் குறைந்திருந்தால் வளைவுகளில் திரும்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் விளக்கு மினுக்கும். எண்ணெயில் பெட்ரோல் வாடை வீசினால், கார்புரேட்டர் பொருத்திய வண்டிகளில் பெட்ரோல் பம்பின் சவ்வு கிழிந்திருக்கலாம். கலந்த பெட்ரோல் எண்ணெயை நீர்க்கச் செய்துவிடும். எண்ணெய் பால் போல் வெளுத்திருப்பின் நீர் கலந்துள்ளது என்று அறியலாம்.

அடுத்து, எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, எண்ணெய் ஸ்விட்சின் கம்பியைக் கழற்ற வேண்டும். அப்பொழுதும் விளக்கு அணையாவிடில் பழுது கம்பியிலேயே உள்ளது. சாவியைத் திருப்பியும் விளக்கு எரியாதிருப்பது இதனினும் ஆபத்தானது. எச்சரிக்கை செய்யும் சாதனமே செயலற்றுப் போயிற்று என்பதே அதன் பொருள்.

பின்னர் ஸ்விட்சைக் கழற்றி, அவ்விடத்தில் அழுத்தமானியைப் பொருத்தி, எஞ்சின் குளிர்ந்துள்ளபோதும் நன்கு சூடேறிய பின்னரும் அளந்து, தயாரிப்பாளரின் கையேட்டிலுள்ள அளவுகளுடன் ஒப்பிட வேண்டும். மானி சரியான அளவைக் காட்டினால் ஸ்விட்சை மாற்றினால் போதும். குளிர்ந்த நிலையில் சரியாக இருந்து, சூடேறியபின் மெதுவான ஓட்டத்தில் அழுத்தம் தாழ்ந்தால், பேரிங்குத் தேய்வையோ எண்ணெய் நீர்த்ததையோ சந்தேகிக்கலாம். எல்லா வேகங்களிலும் தாழ்ந்திருந்தால் பம்பையும், திறந்தபடி சிக்கிக்கொண்ட ரிலீஃப் வால்வையும் சோதிக்க வேண்டும். வேகம் கூடும்போது அழுத்தம் விழுமாயின், எண்ணெய்த் தொட்டியிலுள்ள சல்லடை அடைபட்டிருக்கலாம்.

டில்லியின் கோடையில் உஷ்ணம் 45 டிகிரி செண்டிகிரேடையும் எட்டுவதுண்டு. அவ்வெப்பத்தில் எஞ்சின் மேலும் சூடேறி எண்ணெய் நீர்ப்பதால், மாரிக்காலத்தில் மறைந்திருந்த தேய்வு வெளிப்படுகிறது. இதற்குப் பரிகாரமாகத் தடித்த எண்ணெயை ஊற்றுவோர் உளர். அது விளக்கை அணைக்குமேயன்றித் தேய்வைப் போக்காது. குளிர்ந்த விடியற்காலையில் பேரிங்குகளை எண்ணெய் சென்றடையத் தாமதமும் ஆகும். ஆகையால், அளந்த பின்னரே பழுது பார்ப்பது பணத்தையும் எஞ்சினையும் ஒருங்கே காக்கும் முறையாகும்.