உங்களுக்குத் தெரியுமா? தோஃபார் போரைப் படம்பிடித்த பெண்

ஆகஸ்டில் சாரலில் நனைய துபாய், அபுதாபித் தமிழர்கள் காரைக் கிளப்பிக்கொண்டு போகும் சலாலா, ஓமனின் தோஃபார் பகுதியில் இருக்கிறது. சுல்தானின் ஆட்சிக்கு எதிராக 1965-இல் கிளர்ச்சி வெடித்தது அங்குள்ள மலைகளில்தான்.

1971-இல் லெபனான் இயக்குநர் ஹெய்னி ஸ்ரூர் சிறு குழுவோடு உள்ளே போனார். குண்டுவீச்சுக்கு நடுவே, கருவிகளைச் சுமந்தபடி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடை! துப்பாக்கி ஏந்திய பெண்கள், பள்ளிச் சிறுவர்கள் எனக் கிளர்ச்சியாளர் பகுதியின் அன்றாடம் பதிவானது. ஒரு பக்கம் சாய்ந்த படம்தான். அதை அவர் ஒளிக்கவும் இல்லை.

'விடுதலையின் நேரம் வந்துவிட்டது' என்ற அந்தப் படம் 1974-இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. அரபுப் பெண் ஒருவரின் படம் அங்கே தேர்வானது அதுவே முதல்முறை.