வீடு பார்க்க வருகிறார்கள்: விற்பவர் கவனிக்க வேண்டியவை

கடைக்கு வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்தால் எப்படி நடந்துகொள்வது என்பது நமக்குத் தெரியும். எந்தத் துணியை முதலில் விரிப்பது, எப்போது பேசுவது, எப்போது பேசாமல் இருப்பது என்பதையெல்லாம் சிறுவயதிலேயே வாப்பாமாரிடம் பழகிக்கொண்டோம். ஆனால் அதே வியாபாரி தனது சொந்த வீட்டை விற்க முற்படும்போது, பார்க்க வந்தவர் முன்னால் தடுமாறிப் போகிறார். அப்படித் தடுமாறியவர்களில் நானும் ஒருவன்.

2005ஆம் ஆண்டு தெஹிவளையில் இருந்த எனது வீட்டை விற்க நேர்ந்தது. புறக்கோட்டையில் சரக்குக்காகக் கொடுத்திருந்த பின்திகதியிட்ட காசோலைகள் இரண்டு மாதக் கடைசியில் வங்கிக்கு வர இருந்தன. தரகர் அழைத்துவந்த ஒருவருக்கு வீடு பிடித்துப்போனது. விலையும் ஏறத்தாழ ஒத்துவந்தது. தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, "ஏன் நானா இவ்வளவு அவசரம்?" என்று கேட்டார். பக்கத்திலிருந்த என் தம்பி, "மாதக் கடைசிக்குள் இரண்டு செக்குக்குக் காசு போட வேண்டும்" என்று சொல்லிவிட்டான். அவன் மீது பிழையில்லை. என்ன பேசுவது, என்ன பேசக்கூடாது என்று நான் அவனுக்குச் சொல்லி வைக்கவில்லை. மறுநாள் அந்த மனிதர் எட்டு இலட்சம் ரூபா குறைத்துக் கேட்டார். முற்பணம் உடனே தேவைப்பட்டதால் ஒப்புக்கொண்டேன்.

எட்டு இலட்சம் கொடுத்துப் படித்த பாடத்தை மற்றவர்கள் இலவசமாகவே படித்துக்கொள்ளட்டும் என்பதற்காகத்தான் இதனை எழுதுகிறேன்.

நேரத்தை நீங்களே தீர்மானியுங்கள்

தரகர் நினைத்த நேரத்தில் ஆட்களை அழைத்துவர இடமளிக்காதீர்கள். குறைந்தது ஒரு நாளாவது முன்கூட்டித் தொலைபேசியில் அறிவிக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஞாயிறு காலை, அல்லது அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம் நல்லது. வீட்டில் வெளிச்சம் இருக்கும், வருபவருக்கும் ஓய்வு இருக்கும். ஜன்னல்களைத் திறந்து, எல்லா மின்குமிழ்களையும் எரியவிடுங்கள். எரியாத குமிழ், ஒழுகும் தண்ணீர்க் குழாய், இழுபடும் கதவு என்பவற்றைச் சில ஆயிரம் ரூபாவில் திருத்திவிடலாம். திருத்தாமல் விட்டால் வாங்குபவர் அவற்றை இலட்சக் கணக்கில் கழித்துக் கேட்பார். கருவாடு பொரித்த வாசனையும் வேண்டாம், அதனை மறைக்க அத்தரும் சாம்பிராணியும் அளவுக்கு மீறி வேண்டாம். ஈரச் சுவரின் வாடையை மறைக்கிறார்களோ என்ற சந்தேகம் வந்துவிடும்.

வீட்டுப் பெண்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்

அந்நிய ஆண்கள் அறை அறையாக நடந்து பார்க்கப் போகிறார்கள். இதனை வீட்டிலுள்ள பெண்களுக்குக் கடைசி நிமிடத்தில் சொல்வது பெரும் அநியாயம். எந்த அறையை முதலில் காட்டுவது, அப்போது அவர்கள் எங்கே இருப்பது என்று முன்னரே பேசிக்கொள்ளுங்கள். வாங்க வருபவரும் பெரும்பாலும் மனைவியையோ உம்மாவையோ அழைத்துவருவார். அவர்களுக்குக் குசினியையும் கிணற்றடியையும் உங்கள் வீட்டுப் பெண்களே காட்டட்டும். முன் மண்டபத்தில் ஆண்கள் விலை பேசினாலும், முடிவு பல வேளைகளில் குசினியில்தான் எடுக்கப்படுகிறது என்பதை மறக்காதீர்கள்.

பெறுமதியானவற்றைப் பூட்டுங்கள்

வருபவர் அனைவரும் வாங்க வருபவர் அல்லர். நகை, காசு, கடவுச்சீட்டு, காசோலைப் புத்தகம் எதுவும் வெளியில் இருக்கக்கூடாது. வருபவரின் பெயர், தொலைபேசி இலக்கம், ஊர் ஆகியவற்றைத் தரகரிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஒருவர் உங்களோடு பேசிக்கொண்டிருக்க மற்றவர் தனியாக மாடிக்குப் போக விடாதீர்கள். வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கும் நேரத்தில் எவருக்கும் காட்ட வேண்டாம்.

அசல் உறுதியை எவர் கையிலும் கொடுக்காதீர்கள். நில அளவைப் படத்தின் பிரதியையும் ஆதன வரிப் பற்றுச்சீட்டையும் காட்டினால் முதல் நாளுக்குப் போதும். எல்லைக் கற்கள் எங்கே இருக்கின்றன என்பதை நேரில் நின்று காட்டுங்கள். உறுதியின் பிரதியை, உண்மையில் வாங்கும் எண்ணம் தெரிந்த பின்னர், அவருடைய சட்டத்தரணி பார்வையிடக் கொடுக்கலாம்.

ஒருவர் மட்டும் பேசட்டும்

விலை, காரணம், காலம் ஆகிய மூன்றையும் பற்றி ஒருவர்தான் பேச வேண்டும். "ஏன் விற்கிறீர்கள்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். பொய் சொல்லத் தேவையில்லை. "வியாபாரத்துக்கு முதல் தேவைப்படுகிறது" என்ற ஒரு வசனம் உண்மையும்தான், போதுமானதும்தான். காசோலைத் திகதியைச் சொல்ல வேண்டிய கடமை எவருக்கும் இல்லை. ஒவ்வோர் அறையிலும் நின்று வீட்டைப் புகழ வேண்டாம். கதவைத் திறந்துவிட்டு இரண்டடி பின்னால் நில்லுங்கள். கணவனும் மனைவியும் தங்களுக்குள் பேசிக்கொள்ள இடம் கொடுங்கள்.

குறையை மறைக்காதீர்கள்

2016 மே மாதம் களனி ஆறு பெருக்கெடுத்தபோது, வெல்லம்பிட்டியில் இருந்த எனது தங்கையின் வீட்டுக்குள் நான்கடி உயரத்துக்குத் தண்ணீர் ஏறியது. 2018இல் அந்த வீட்டை விற்க முற்பட்டபோது, காட்டும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். தரகர் சொன்ன யோசனை இதுதான்: "முழுக்கப் பெயின்ட் அடியுங்கள். கேட்டால், இந்த ஒழுங்கைக்குத் தண்ணீர் வரவில்லை என்று சொல்லுங்கள்." தங்கையும் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அது ஒரேயொரு சொத்து.

வீட்டுக்குப் பெயின்ட் அடித்தோம். ஆனால் களஞ்சிய அறையின் ஒரு சுவரை மட்டும் அப்படியே விட்டோம். வந்தவர்கள் எல்லோரையும் அங்கே அழைத்துச் சென்று, தண்ணீர் நின்ற கோட்டைக் காட்டினேன். அதன் பின்னர் மின் இணைப்புகளை உயர்த்தி மாற்றியதையும் காட்டினேன். மூன்று பேர் அதோடு திரும்பிப் போனார்கள். தரகர் என்னோடு கோபித்துக்கொண்டார். நான்காவதாக வந்தவர் ஒரு சில்லறை வியாபாரி. அவர் எங்களிடம் எதுவும் சொல்லாமல் பக்கத்து வீடுகளில் விசாரித்திருக்கிறார். அவர்களும் அதே நான்கடியைத்தான் சொன்னார்கள். "தண்ணீரைப் பற்றி உண்மை சொன்னவர், உறுதியைப் பற்றியும் உண்மைதான் சொல்லியிருப்பார்" என்று சொல்லி, கேட்ட விலையில் சிறு தொகையை மட்டும் குறைத்து வாங்கினார். இன்றும் வழியில் கண்டால் சலாம் சொல்லி நின்று பேசுகிறார். குறையை மறைத்து விற்ற பணத்தில் பரக்கத் இருக்காது என்று நம்புகிறவர்கள் நாம். அந்த நம்பிக்கை சோதிக்கப்படுவது இப்படியான சுவர்களுக்கு முன்னால்தான்.

வாய்ப்பேச்சு விற்பனையாகாது

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, வீடு காணி விற்கும் உடன்படிக்கை எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் கைச்சாத்திடப்பட வேண்டும். "எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிப் போனவரை நம்பி மாதக் கணக்கில் கதவை மூடிவைத்து ஏமாந்தவர்கள் பலர். அதற்காக, வாக்குக் கொடுத்துவிட்டு மறுநாளே கூடிய விலைக்காக இன்னொருவருக்குக் காட்டுவதும் நமக்கு அழகல்ல. ஆகவே திகதி குறித்து வாக்குக் கொடுங்கள்: "இரண்டு வாரத்துக்குள் நொத்தாரிசிடம் வாருங்கள், அதுவரை வேறு எவருக்கும் காட்டமாட்டேன்." அந்தத் திகதி கடந்தால் அவருக்கு அறிவித்துவிட்டு, கதவை மீண்டும் திறவுங்கள்.

ஒரு வீட்டை விற்கும் சந்தர்ப்பம் நம்மில் பலருக்கு வாழ்நாளில் ஒரு முறைதான் வருகிறது. இரண்டாம் முறை திருத்திக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. எனவே முதல் ஆள் வந்து மணியை அழுத்துவதற்கு முன்னர், வீட்டார் அனைவரும் ஒரு மணி நேரம் ஒன்றாக உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். 2005இல் நான் செய்யத் தவறியது அது ஒன்றைத்தான்.