முதுமையில் ஒரு தனிப் பிரயாணம்

வயது முதிர்ந்த நம் வீட்டுப் பெண்கள் பிரயாணமே செய்வதில்லை என்று சொல்வதற்கில்லை. மகளின் பேறுகாலத்துக்குப் போவார்கள், உறவினர் கல்யாணத்துக்குப் போவார்கள், காசிக்கும் போவார்கள். ஆனால், "ஓர் அழகிய ஊரைப் பார்க்க வேண்டும், அவ்வூர்ச் சமையலைக் கற்க வேண்டும், அதற்காகத் தனியே போகிறேன்" என்று ஒரு மூதாட்டி சொன்னால், வீடே திகைத்துப் போகிறது. முதற் கேள்வி, "துணைக்கு யார்?" என்பது. இரண்டாவது, "உங்களுக்கா சமையல் தெரியாது?" என்பது. இவ்விரண்டுக்கும் விடை காண முயல்வோம்.

டில்லியில் மகனோடு வசிக்கும் என் பெரியம்மாவுக்கு வயது அறுபத்தேழு. சென்ற ஆண்டு மாசி மாதம் அவர் நான்கு நாட்கள் உதயப்பூருக்குத் தனியே சென்று வந்தார். அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் இருந்தன. ஹஜ்ரத் நிஜாமுதீன் நிலையத்தில் மாலையில் மேவார் எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் காலையில் இறங்கிவிடலாம். நடுவே வண்டி மாற வேண்டியதில்லை. பிச்சோலா ஏரி, 1651-இல் கட்டப்பட்ட ஜகதீசர் ஆலயம், கணகௌர் படித்துறை ஆகியவை பழைய நகரில் ஒன்றுக்கொன்று அருகிலேயே இருக்கின்றன. அச்சந்துகளிலேயே, வெளியூரார்க்குத் தம் வீட்டு அடுப்படியில் சமையல் கற்பிக்கும் குடும்பங்களும் உள்ளன. ஒரு பிற்பகல் கற்று, சமைத்ததை மாலையில் அங்கேயே உண்டு எழலாம்.

தனியே செல்பவர் ஊரைத் தேரும்போது கருத வேண்டியவை இவையே: ஓர் இரவுப் பிரயாணம், நடக்கும் தொலைவில் காட்சிகள், தங்குமிடத்துக்கு அருகில் வகுப்பு. முழங்கால் நோவு உள்ளவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். உதயப்பூரின் பழைய சந்துகள் மேடும் பள்ளமுமானவை. ஆலயப் படிகளும் உயரமானவை. அறையைக் கீழ்த்தளத்தில் கேட்டு வாங்குவதும், ஏற்றங்களுக்கு ஆட்டோவை நாடுவதும் நலம். கோடையைத் தவிர்க்க வேண்டும். ஐப்பசி முதல் மாசி வரை இதமான காலம்.

ரயில்வேயின் விதிகள் சிலவற்றையும் அறிந்திருத்தல் அவசியம். நாற்பத்தைந்து வயது நிரம்பிய பெண்களுக்கு, அவர்கள் கேளாவிடினும், இடமிருக்குமானால் கீழ்ப்படுக்கையே ஒதுக்கப்படுகிறது. மூத்த குடிமக்களுக்கு முன்பிருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆகவே முழுக் கட்டணத்தையே கணக்கில் கொள்ள வேண்டும். வண்டியில் உதவி தேவைப்பட்டால் அழைக்க வேண்டிய எண் 139. மற்றொரு செய்தி பலருக்குத் தெரியாது. ஆண் துணையின்றிச் செல்லும் பெண்ணிடம் சீட்டு இல்லாமற் போனாலும், அவரை நினைத்த இடத்தில் இறக்கிவிட முடியாது. புறப்பட்ட நிலையம், சந்திப்பு அல்லது முடிவு நிலையம், மாவட்டத் தலைநகர் நிலையம் ஆகியவற்றில் மட்டுமே, அதுவும் பகலில் மட்டுமே இறக்கலாம் என்று 1989-ஆம் ஆண்டு ரயில்வேச் சட்டம் வரையறுத்திருக்கிறது. "துணைக்கு யார்?" என்போர்க்குச் சட்டமும் ஓரளவு துணையே என்று கூறலாம்.

இனி இரண்டாம் கேள்வி. நாற்பது ஆண்டுகள் சமைத்தவர் கற்க என்ன இருக்கிறது?

நீரும் பசுங்காய்களும் அரிதாயிருந்த நிலத்தின் சமையல் ராஜஸ்தானத்துச் சமையல். காய்க்குப் பதில் கடலைமாவும், நீருக்குப் பதில் மோரும் தயிரும் அங்கே பெரிதும் பயன்பட்டன. 'கட்டா' என்னும் பண்டத்தைப் பாருங்கள். கடலைமாவில் ஓமம், மிளகாய்த்தூள், எண்ணெய், சிறிது தயிர் சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து, விரல் பருமனுக்கு உருட்டி, கொதிநீரில் வேகவைத்துத் துண்டுகளாக நறுக்குகிறார்கள். வெந்த நீரையும் கொட்டுவதில்லை. அது குழம்பில் சேர்கிறது. தயிர்க் குழம்பு திரிந்துவிடாதிருக்கக் கடலைமாவைக் கரைத்து, கொதி வரும்வரை கைவிடாமல் கிளறுகிறார்கள். நாம் மோர்க்குழம்பில் அரிசியும் பருப்பும் அரைத்து விடுவதும் இதே காரணத்தால்தான். மாவுப் பொருள் தயிரைப் பிரிய விடாது.

'கேர் சாங்கிரி' என்ற மற்றொரு பதார்த்தத்தில் சேரும் சாங்கிரி, பாலைநிலத்து 'கேஜ்ரி' மரத்தின் உலர்ந்த காய். அந்தக் கேஜ்ரி வேறன்று; விருத்தாசலத்தில் தலவிருட்சமாக நிற்கும் நம் வன்னி மரமே. கோயிலில் வலம் வந்து வணங்கிய மரத்தின் காயை உலையில் காணும்போது, இந்த நாட்டின் நீளமும் அகலமும் ஒரு கணத்தில் விளங்கிவிடுகின்றன.

பெரியம்மாவுக்குக் கற்பித்தவர் முப்பது வயதுள்ள ஒரு பெண். முதல் அரைமணி நேரம் பெரியம்மாவே பாடம் நடத்தினாராம். டில்லிக் காய்கறிக்காரரிடம் கற்ற ஹிந்தி அதற்குப் போதுமானதாக இருந்தது. பிறகு அவர் உருட்டிய கட்டா, மாவு தளர்ந்திருந்தமையால், கொதிநீரில் கரைந்து போயிற்று. அந்தப் பெண் சிரிக்கவில்லை. "மாஜி, இன்னும் ஒரு பிடி மாவு" என்று சொல்லிப் பாத்திரத்தை அருகே நகர்த்தி வைத்தார். ஊர் திரும்பிய பெரியம்மா என்னிடம் கூறியது இது: "நான் சமைத்ததைக் குறை சொன்னவர்கள் உண்டு, சொல்லிக் கொடுத்தவர்கள் இல்லை. என் அம்மாவுக்குப் பிறகு இவள்தான்."

அவ்வார்த்தை என்னைச் சற்று வருத்தியது. அவர் கையால் உண்டு வளர்ந்தவர்களில் நானும் ஒருவன். அவர் புதிதாக எதையேனும் கற்க விரும்பலாம் என்று எங்களுள் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

தாயகத்துக்கு வெளியே வாழும் தமிழர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. டில்லியிலோ, மும்பையிலோ, கொல்கத்தாவிலோ இருப்பவர்களுக்கு இத்தகைய ஊர்கள் பல ஓர் இரவுத் தொலைவிலேயே இருக்கின்றன. கடைவீதியில் பழகிய மொழியும் கைவசம் இருக்கிறது. தங்குமிடத்தின் விலாசத்தை வீட்டில் எழுதி வைத்து, இரவில் ஒருமுறை தொலைபேசியில் பேசினால் வீட்டாருக்கும் நிம்மதி.

உங்கள் வீட்டு மூதாட்டி இவ்வாறு ஓர் ஆசையைத் தெரிவித்தால், துணைக்கு யார் என்று கேட்குமுன் எந்த ஊர் என்று கேளுங்கள். கீழ்ப்படுக்கைக்குச் சீட்டு எடுத்துக் கொடுங்கள். அந்த நான்கு நாட்களுக்கு வீட்டுச் சமையலை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.