கணக்கில் எழுதாத கூலி

யாழ்ப்பாணத் தீவுகளில் ஒன்றான வேலணையில் எங்கள் தோட்டம் 8 பரப்பு, அதாவது அரை ஏக்கர். 1950களில் ஐயா, அம்மா, ஆச்சி, சின்னையா, பிள்ளைகள் நாங்கள் எல்லோரும் அதில் நின்ற புகையிலையை நம்பித்தான் இருந்தோம்.

தீவுக் கிணறுகளில் தண்ணீர் இருக்கும் விதமே வேறு. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கும் மழைநீர், அடியில் கிடக்கும் கடல்நீருக்கு மேலே ஒரு படையாக நிற்கும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறிவிடும். அதனால் ஐயா தண்ணீரைப் பார்த்துப் பார்த்துத்தான் இறைப்பார். விடியப்புறம் அண்ணனும் சின்னையாவும் துலா மிதிக்க, ஐயா பட்டை பிடிப்பார். தண்ணீர் மாறுவது என் வேலை. ஒரு பாத்தி நிறைந்ததும் மண்ணால் வாயை அடைத்து அடுத்ததைத் திறக்க வேண்டும். அதை முடித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம்.

கன்று நடுவதற்கு முன்பே ஆட்டெருவும் பூவரசங்குழையும் கடற்கரையில் ஒதுங்கும் சாதாழையும் மண்ணுக்குள் போயிருக்கும். அவற்றைச் சுமந்தவர்கள் பெண்கள். செடி வளர்ந்ததும் நுனியை முறித்து, பக்க அரும்புகளை நாள்தோறும் கிள்ள வேண்டும். அப்போதுதான் இலை தடிக்கும். அம்மாவின் விரல்களில் கறுப்பாகப் பயின் ஒட்டியிருக்கும். சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பனி ஈரத்தோடு இலையைத் தொட்ட நாட்களில் அவருக்குத் தலைசுற்றும், வாந்தி வரும். பித்தம் என்று தேசிக்காய்த் தண்ணி கொடுத்தோம். ஈர இலையின் நிக்கொட்டின் தோல்வழியே உடம்பில் ஏறுவதால் வரும் நோய் அது என்பதை அப்போது எங்களுக்குச் சொல்ல யாருமில்லை. இன்று நினைத்தாலும் மனம் பொறுக்கவில்லை.

பங்குனியில் வெட்டிய இலையை வாடவிட்டு, குடிலுக்குள் தொங்கவிட்டு, பொச்சுமட்டையும் ஊமலும் எரித்துப் புகை போடுவோம். தீ மூண்டுவிடாமல் இரவெல்லாம் காவல் இருந்தவர் ஆச்சி. பிறகு இலையை அடுக்கி, பதப்படப் பாடம் போடுவோம்.

யாழ்ப்பாணப் புகையிலை ஒல்லாந்தர் காலத்திலேயே தோணியேறித் திருவிதாங்கூர் போனது. பின்னாளில் அது சுருட்டாகிச் சிங்கள ஊர்க் கடைகளுக்கும் போனது. வணிகர்களையும் தோணிகளையும் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ஐயாவின் கணக்குக் கொப்பியிலும் எருக் காசு, வண்டிக் கூலி எல்லாம் இருந்தன. அம்மாவுக்கும் ஆச்சிக்கும் பிள்ளைகளுக்கும் கூலி என்று ஒரு வரி இல்லை. அதையும் எழுதியிருந்தால் லாபம் என்று மிஞ்சியிருக்காது.

அண்ணன் கொழும்பில் படித்தது அந்தக் காசில்தான். அரும்பு கிள்ள ஆள் போதாமல் அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றார்.