யோசனை கூடினால் என்ன செய்யலாம்?

"இரவில் நித்திரை இல்லை, ஒரே யோசனை." வன்னியில் எந்த வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போனாலும் இந்தப் பேச்சு நம் காதில் விழுகிறது. 1996இல் கிளிநொச்சியை விட்டு அக்கராயனுக்கும் மல்லாவிக்கும் போனவர்கள், 2009இல் மாத்தளன் வரை ஓடிப் பின்னர் செட்டிகுளம் மெனிக் பாமில் கூடாரத்தில் கிடந்தவர்கள், அந்த முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்ட பின்னும் சொந்தக் காணிக்குள் கால் வைக்க முடியாமல் காத்திருந்தவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். "யோசியாதேங்கோ" என்று பக்கத்து வீட்டார் ஆறுதல் சொல்வார்கள். அது முடிகிற காரியமில்லை என்பது சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும்.

ஆபிரிக்காவில் சிம்பாப்வே நாட்டு மக்களும் இந்த வருத்தத்தை இதே பெயரால்தான் அழைக்கிறார்கள். "குஃபுங்கிசிசா" என்பது அவர்கள் சொல். அளவுக்கு மீறி யோசித்தல் என்று பொருள். மனநல வைத்தியர்கள் மிகக் குறைவான அந்த நாட்டில், டிக்சன் சிபண்டா என்ற வைத்தியர் 2006இல் ஒரு வழி கண்டார். ஊர்ப் பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வளவில் ஒரு மர வாங்கில் இருத்தினார். வருகிறவர் தன் பிரச்சினைகளை எல்லாம் சொல்லுவார். பாட்டி "யோசிக்காதே" என்று சொல்வதில்லை. "இதில் முதலில் எதை எடுப்போம்? இந்தக் கிழமை அதற்கு என்ன செய்யலாம்?" என்றுதான் கேட்பார். அடுத்த முறை வரும்போது செய்தாயா என்று விசாரிப்பார். இந்த வழியால் மக்களின் மனச்சோர்வு கணிசமாகக் குறைந்தது என்று 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வாங்கும் பாட்டியும் நமது ஊரிலும் இல்லாதவையா?

இனி நம் வீட்டு விடயத்துக்கு வருவோம். பக்கத்துக் காணிக்காரர் நமது மருந்தடிக்கும் மெசினை இரவலாக வாங்கிப் போனார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு நாளாகியும் திருப்பித் தரவில்லை. சங்கக்கடையடியில் நம்மைக் கண்டும் காணாதவர் போல் போகிறார். உடனே மனம் சொல்கிறது: "காணி கிடைச்ச உடனே ஆளுக்குக் கொழுப்புக் கூடிப்போச்சு. எங்களை மதிக்கிறாரில்லை." நெஞ்சு கொதிக்கிறது. வீட்டுக்கு வந்தால் சோறு குழைந்திருக்கிறது. மெசினுக்கான கோபம் சோற்றின் மேல் விழுகிறது, பிறகு மனைவியின் மேல், பிறகு பிள்ளையின் மேல். பக்கத்து வீட்டுக்காரருக்கோ இவ்வளவும் நடந்ததே தெரியாது.

இதில் நடந்தது எது, நாம் நினைத்தது எது என்று பிரித்துப் பாருங்கள். மெசின் வரவில்லை, அவர் பேசாமல் போனார். நடந்தது இவ்வளவுதான். "மதிக்கவில்லை" என்பது நமது நினைப்பு. அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அவர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு அலைந்துகொண்டிருக்கவும் கூடும். அமெரிக்க மனநல வைத்தியர் ஆரன் பெக் 1960களில் தம் நோயாளரிடம் கண்டதும் இதைத்தான். சம்பவத்துக்கும் உணர்ச்சிக்கும் இடையில் ஒரு நினைப்பு சட்டென்று ஓடிப்போகிறது. அதைப் பிடித்து "இது உண்மைதானா? வேறு காரணம் இருக்குமா?" என்று விசாரிக்கலாம். பிறகு நேரே போய், "அண்ணை, மெசின் வேலை முடிஞ்சுதோ? நாளைக்கு எனக்குத் தேவைப்படுது" என்று கேட்கலாம். அவர் உண்மையிலேயே நம்மை மதியாதவர் என்றாலும், இப்படிக் கேட்டால் மெசினாவது வந்து சேரும்.

ஆண்கள் பலர் நம்மிடம் சொல்வது வேறொன்று. "வயல் இல்லை, என்னத்தைச் செய்யிறது? மனம் வந்தால்தானே கை வரும்." பத்து ஏக்கர் செய்தவரைக் கால் ஏக்கர் வளவில் இருத்தினால் மனம் விழத்தான் செய்யும். ஆனால் விழுந்த மனம் எழும்பும்வரை காத்திருந்தால், இருக்க இருக்க அது இன்னும் கீழேதான் போகும். முதலில் கை, பிறகு மனம் என்பதுதான் அனுபவம். கிணற்றடியில் நாலு கத்தரி, இரண்டு பாத்தி பயற்றை. அதுவும் பெரிதாகத் தெரிந்தால், இன்று பாத்தியைக் கொத்துவது மட்டும். பின்னேரத்தில் தவறணைக்குப் போகும் கால் அந்த நேரம் பாத்தியில் நின்றால், வீட்டில் நடக்கும் சண்டையில் பாதி குறையும் என்று பெண்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதை நாம் நம்புகிறோம்.

இரவு யோசனைக்கு ஒரு பழக்கம் உண்டு. பின்னேரம் அரை மணித்தியாலத்தை யோசனைக்கென்றே ஒதுக்குங்கள். கடன், காணி உறுதி, மகளின் படிப்பு எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி, நாளைக்குச் செய்யக்கூடியது எது என்று கோடிடுங்கள். இரவில் யோசனை வந்தால், "நாளைக்குப் பின்னேரம் பார்ப்பம்" என்று தள்ளிவையுங்கள். முதல் சில நாள் சரிவராது. விடாமல் செய்தால் மெல்ல மெல்லக் கைவரும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நினைப்பை மாற்றினால் போதும் என்று சொல்லி, நியாயமான குறையை மூடிவிட யாருக்கும் உரிமை இல்லை. காணி இல்லாதவருக்குக் காணிதான் வேண்டும். கேப்பாப்புலவு பிலவுக்குடியிருப்பு மக்கள் 2017 ஜனவரி 31 முதல் விமானப்படை முகாம் வாசலில் இரவு பகலாக இருந்தார்கள். மார்ச் 1ஆம் திகதி தங்கள் காணிக்குள் போனார்கள். அவர்களும் யோசித்துத்தான் இருப்பார்கள், ஆனால் யோசனையோடு வீட்டுக்குள் இருந்துவிடவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் தாயிடம் போய் "நல்லதையே நினையுங்கோ" என்று சொல்வதை நாமும் நிறுத்த வேண்டும். பக்கத்தில் இருந்து, அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேட்டாலே போதும்.

கடைசியாக, வயல் மருந்து வைக்கும் இடம். 1995இல் இலங்கையில் லட்சம் பேருக்கு சுமார் 47 பேர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். மிகக் கொடிய பூச்சிகொல்லிகள் அந்த ஆண்டிலும் பின்னரும் தடை செய்யப்பட்டன. பத்து ஆண்டுக்குள் அந்தத் தொகை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. அத்தனை வீடுகளிலும் சண்டையும் கடனும் ஓய்ந்துபோனதாலல்ல. பொல்லாத நேரத்தில் கைக்கு எட்டியது முன்போலக் கொடியதாக இல்லை, அந்த நேரமும் கடந்துபோயிற்று. ஆகவே மருந்துப் போத்தலைக் கூரை இறப்பில் செருகி வைக்காமல் பெட்டியில் பூட்டுங்கள். வீட்டில் யாராவது சாப்பாடு, நித்திரை, பேச்சு எல்லாம் குறைந்து, "நான் இருந்து என்ன" என்று சொல்லத் தொடங்கினால், திறப்பை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். அவரைத் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். இரவு நேரமென்றால் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுக்கலாம், தமிழிலும் பேசலாம்.